ரம்பொடையில பொறந்த தொர

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டிருந்த மேட்டர். ஆணி அதிகம்ங்கறதால தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. போர்க்கப்பல், நீராவி, அட்மிரல்னு கொஞ்சம் இழுக்கும். பொறுமை இருக்கறவங்க ஒரு டீயோட வந்து உக்காருங்க. இல்லாதவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :)

எம்டனைத் தெரியாத தமிழன் கிடையாது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துல பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திட்டுப் போன ஜெர்மன் கப்பல். 'அவன் சரியான எம்டன்டா'ன்னு இன்னிக்கும் சொல்றோம். அந்த எம்டன் தனிக்காட்டு ராஜா கிடையாது. வான் ஸ்பீங்கற ஜெர்மன் அட்மிரலோட கிழக்காசியப் படையிலேர்ந்து பிரிஞ்சு வந்த கப்பல். எம்டன் கதை நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுல முடிஞ்சுது. ஸ்பீயோட படை அடுத்த மாசம் ஃபாக்லாந்துல மூழ்குச்சு. அதை மூழ்கடிக்க லண்டன்ல உக்காந்துட்டுக் கப்பல் அனுப்பின கிழவருக்கு அப்போ வயசு 73. பேரு ஜான் ஆர்புத்நாட் ஃபிஷர். ஜாக்கி ஃபிஷர்னா இன்னும் பிரபலம். பிரிட்டிஷ் கப்பற்படையைப் பாய்மரத்துலேர்ந்து பிடிச்சு இழுத்து நீராவி டர்பைனுக்குள்ள தள்ளின ஆளு.

இந்த மனுஷன் எனக்கு எப்படி அறிமுகம்? எங்க அப்பாயி மூலமா!

அப்பாயி பொறந்தது இலங்கையில, நுவரெலியா போற வழியில ரம்பொடைப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்துல. 1964ல போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோட 'புண்ணியத்துல' எழுபதுகள்ல கப்பலேத்தி விட்டாங்க. ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் கோத்தகிரி. அங்கயும் கொழுந்துதான் பறிச்சாங்க. ஒரு நைட் ஷிஃப்ட்ல, சர்வர் பேட்ச் ஏறி முடியறதுக்காகக் காத்துட்டு இருந்தப்போ, அப்பாயி அடிக்கடி சொல்ற ஊர் எப்படி இருக்கும்னு தேடிப் பார்த்தேன். நீர்வீழ்ச்சி வந்துச்சு. அனுமார் கோயில் வந்துச்சு. கூடவே, இந்த ஊரில் பிறந்தவர்னு ஒரு வெள்ளைக்கார அட்மிரல் முறைச்சுட்டு நின்னாரு.

1841 ஜனவரி 25 பிறப்பு. அப்பா வில்லியம் ஃபிஷர் ராணுவ கேப்டன், கவர்னருக்கு ஏ.டி.சி.யா இருந்தவர். பட்டாளத்தை விட்டுட்டுக் காப்பித் தோட்டம் வாங்கினார். அப்போ அந்த மலையில தேயிலை கிடையாது, எல்லாம் காப்பிதான். தோட்டம் கைகொடுக்கல, கடன். அப்புறம் போலீஸ் அதிகாரி உத்தியோகம். பதினோரு புள்ளைங்கள்ல மூத்தவன் ஜான். ஆறு வயசுல இங்கிலாந்துல தாத்தா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்பாவை அவர் திரும்பப் பார்க்கவே இல்ல. 1866ல குதிரையிலேர்ந்து விழுந்து அப்பா செத்துட்டாரு.

அந்தக் காப்பித் தோட்டங்கள்ல வேலை பார்த்தது யாருன்னு நான் சொல்லணுமா? புதுக்கோட்டை, திருச்சி, மதுரைச் சீமைகள்லேர்ந்து கங்காணிக்குக் கடன்பட்டு, மன்னார்ல எறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே போன சனம். பாதி வழியில காலராவுல விழுந்தவங்க ஏராளம். எங்க ஆளுங்களும் அந்த வழியில போனவங்கதான். எந்த வருஷம்னு அப்பாயிக்கே தெரியாது. பின்னாளில் ஃபிஷருக்கு வேண்டாதவங்க, அவரோட அம்மா ஒரு சிங்கள இளவரசின்னு கதை கட்டி விட்டாங்க. மூஞ்சியைப் பார்த்துக் கெளப்பி விட்ட வதந்தி. அப்பாயிகிட்ட சொன்னேன். "தொர வூட்டுப் புள்ளையா? அப்ப சாப்பாட்டுக்குக் கொறச்ச இருந்துருக்காது"ன்னாங்க. அதோட விசாரணை முடிஞ்சுது.

1854 ஜூலை மாசம், 13 வயசுல கப்பற்படையில சேர்ந்தார். நுழைவுத் தேர்வு என்னன்னா, பைபிள் ஜெபம் ஒண்ணை எழுதணும், அம்மணமா ஒரு நாற்காலியைத் தாண்டணும். அவரே சொன்னது! நம்ம கேம்பஸ் இன்டர்வியூல ஆப்டிட்யூட் கஷ்டம்னு பொலம்பினவங்க கவனிக்க. முதல் கப்பல் கல்கத்தா. 1831ல பம்பாயில தேக்குல கட்டினது. 84 பீரங்கி, முழுக்கப் பாய்மரம், இன்ஜினே கிடையாது. அங்கேர்ந்து ஆரம்பிச்சு, 1863ல வாரியர்ங்கற முழு இரும்புக் கப்பல்ல பீரங்கி லெஃப்டினன்ட். 1882ல இன்ஃப்ளெக்சிபிள் கப்பலுக்கு கேப்டனா அலெக்ஸாண்ட்ரியா மேல குண்டு போட்டார். நடுவுல சீனாவுல ரெண்டாம் அபின் போர். ஒரு நாட்டுக்குள்ள அபின் விக்க வழி பண்ணிக் குடுத்த சண்டையில நின்னவரு. அதனால தியாகி பட்டமெல்லாம் குடுக்கற உத்தேசம் எனக்கு இல்ல.

எனக்கு அந்தாளைப் பிடிச்சுப் போனதுக்குக் காரணம் பீரங்கி கிடையாது, ரொட்டி. நாலு அதிகாரிங்க மட்டும் நல்லா சாப்பிட, சிப்பாயிங்க புழு நெளியற கெட்டி பிஸ்கட்டைத் தட்டித் தட்டித் தின்னுட்டிருந்த காலம். கப்பல்லயே அடுப்பு வெச்சு தினமும் ரொட்டி சுட்டுக் குடுக்கணும்னு மாத்தினவர் இவர். சின்ன விஷயம்னு தோணும். 2021 டிசம்பர்ல ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி, நூறு பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போக, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அந்த செல்ஃபோன் ஃபேக்டரிப் பொண்ணுங்க சென்னை–பெங்களூரு ஹைவேல உக்காந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் எனக்கு ரொட்டி சின்ன விஷயமாத் தெரியல.

இப்போ மெயின் மேட்டருக்கு வரேன். ட்ரெட்நாட்.

1904 அக்டோபர்ல ஃபிஷர் கப்பற்படையோட தலைமைப் பதவிக்கு, அதாவது முதல் கடல் பிரபுவா, வந்தாரு. வந்த கையோட 150க்கும் மேற்பட்ட பழைய கப்பல்களைச் சண்டைக்கும் லாயக்கில்ல, ஓடறதுக்கும் லாயக்கில்லன்னு கழிச்சுக் கட்டினாரு. அப்புறம் ஒரு கப்பல். அதுவரைக்கும் போர்க்கப்பல்ல நாலு பெரிய பீரங்கியும், பல சைஸ்ல மத்ததுங்களும் இருக்கும். இதுல 12 அங்குல பீரங்கி பத்து. பெரிய போர்க்கப்பல்ல முதல் தடவையா பார்சன்ஸ் நீராவி டர்பைன். வேகம் 21 நாட். போர்ட்ஸ்மவுத் கப்பல் கட்டும் தளத்துல 1905 அக்டோபர் 2 அன்னிக்கு அடிக்கட்டை போட்டாங்க. 1906 பிப்ரவரி 10ல ராஜா வந்து தண்ணியில இறக்கினாரு. அக்டோபர் 3 சோதனை ஓட்டம். ஒரு வருஷம், ஒரு நாள்!

உலகமே வாயப் பொளந்துச்சு. இந்த மாதிரி 'ஒரு வருஷம் ஒரு நாள்' கதைகள்லதான் என் பொழப்பே ஓடுது, அதனால நான் கொஞ்சம் உள்ள நோண்டினேன். ஒரகடத்துல எந்த மேனேஜர் ஸ்லைடு போட்டாலும் உற்பத்தி ஆரம்பிச்ச தேதிதான் பெருசா இருக்கும், அதுக்கு முன்னாடி ஆறு மாசம் செத்தது எங்கயும் இருக்காது. இங்கயும் அதே கதைதான். மே மாசத்துலேர்ந்தே சாமான் சேர்த்துட்டாங்க. அடிக்கட்டை போடறதுக்கு முன்னாடியே சுமார் 6,000 ஆள்–வாரம் வேலை முடிஞ்சு போச்சு. பீரங்கிக் கூண்டுகள் எல்லாம் வேற ரெண்டு கப்பலுக்காக ஆர்டர் குடுத்தது. அதைத் தூக்கி இதுக்குப் போட்டாங்க. நம்ம ஊர்ல இதுக்குப் பேரு, 'அந்த லைன் பார்ட்டை எடுத்து இந்த லைனுக்குப் போடு.' அந்த லைன்காரன் கதை என்னாச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அந்த ரெண்டு கப்பலும் லேட்டாத்தான் வந்துச்சு.

இன்னொண்ணு. வழக்கமா வாரத்துக்கு 48 மணி நேர வேலை. ட்ரெட்நாட்டுக்கு 69 மணி நேரம். காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு, ஆறு நாள், சாப்பாட்டுக்கு அரை மணி. ஓவர்டைம் கட்டாயம். ரெண்டு ஷிஃப்ட் போடலாமான்னு யோசிச்சாங்க, ஆள் பத்தல. சுத்தியல் அடிச்சவன் பேரு எந்தப் பலகையிலயும் இல்ல.

ஆனா கப்பலுக்குள்ள, தளத்துக்குக் கீழே என்ன நடந்துச்சுங்கறதுதான் எனக்கு முக்கியம். பழைய பிஸ்டன் இன்ஜின் கப்பல் முழு வேகத்துல போனா இன்ஜின் ரூம் வயக்காட்டுச் சேறு மாதிரி இருக்குமாம். சூடாகற பேரிங் மேல ஹோஸ் பைப்பால தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கணும். தண்ணி, எண்ணெய், சத்தம். பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது. அப்படிக் கொஞ்ச நேரம் ஓட்டினாலே ஏதாவது உடையும். டர்பைன் வந்ததும் இன்ஜின் ரூமுக்குப் போனவங்களுக்குக் கப்பல் ஓடுதா நங்கூரம் போட்டு நிக்குதான்னே தெரியலையாம். அவ்வளவு சுத்தம், அவ்வளவு அமைதி. அடுத்தது, நிலக்கரியை ஒழிச்சு எண்ணெய்க்கு மாறணும்னு பிடிவாதம். கரி ஏத்தற நாள்ல கப்பல் பூராவும் கருப்பு, மொத்தப் பேரும் மூட்டை தூக்கணும். 1912ல எண்ணெய் எரிபொருள் பத்தி அரசு கமிஷன் போட்டப்போ அதுக்குத் தலைவரே இவர்தான். அவருக்கு வேகம்தான் கணக்கு, கரி வாரிப் போடறவன் முதுகு எவ்வளவு மிஞ்சும்னு கணக்குப் போட்டிருப்பாரான்னு எனக்கு சந்தேகம்தான். ஆனாலும் முதுகு மிஞ்சுச்சுல்ல?

கப்பலை ஓட்டறவனும் இன்ஜினை ஓட்டறவனும் ஒரே சாதி கிடையாதுங்க அந்தப் படையில. மேல்தளத்து அதிகாரி நல்ல குடும்பம். கீழ இருக்கற இன்ஜினியர், தளத்துல பட்டறையில வேலை கத்துக்கிட்டு வந்தவன், கையில கிரீஸ். 1847லயே அவங்களுக்கு அதிகாரி அந்தஸ்து குடுத்தாங்கன்னு பேரு. ஆனா சட்டைக் கையில இருக்கற தங்கக் கோடுகளுக்கு நடுவுல ஊதாத் துணி வெச்சுத் தெச்சுட்டாங்க. தூரத்துலேர்ந்து பார்த்தாலே தெரிஞ்சுடணும், இவன் இன்ஜின்காரன்னு. மேல்தளத்து அதிகாரி சட்டையில தங்கக் கோட்டு மேல ஒரு வளையம் சுழிச்சிருக்கும், இன்ஜினியருக்கு அது கிடையாது.

எங்க காரிடார்ல தையல் மெஷின் தேவையில்ல, ஐடி கார்டுக் கயிறு போதும். நீலக் கயிறு ஸ்டாஃப், பச்சைக் கயிறு ட்ரெய்னி, ஆரஞ்சுக் கயிறு கான்ட்ராக்ட். ஒவ்வொரு கம்பெனிக்கும் கலர் வேற, கணக்கு ஒண்ணுதான். பஸ்ஸுல உக்கார்றதுலேர்ந்து கேன்டீன் க்யூ வரைக்கும் கயிறு பேசும். (அப்பாயிகிட்ட ஒரு தடவை ஃபோன்ல "லைன்ல இருக்கேன் அப்பாயி, அப்புறம் பேசறேன்"னேன். "உனக்கு லயத்துலயா வூடு குடுத்துருக்காங்க?"ன்னு பதறிட்டாங்க. அவங்களுக்கு லயன்னா பத்தடிக்குப் பன்னெண்டடி ரூம்.)

1902 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஃபிஷர் ஒரு வெடியைப் போட்டாரு. இனிமே மேல்தள அதிகாரி, இன்ஜினியர் எல்லாரும் பன்னெண்டு பதிமூணு வயசுல ஒரே பரீட்சை, ஒரே பள்ளிக்கூடம், ஒரே சாப்பாட்டு மேஜை. பிரிக்கறதெல்லாம் பின்னாடி பார்த்துக்கலாம். அமைச்சர் பேருல செல்போர்ன் திட்டம்னு சொல்றாங்க, மூளை இவரோடது. 1903ல ஆஸ்போர்ன்ல பள்ளிக்கூடம் திறந்தாங்க. மெஷினால ஓடற கப்பல்ல மெஷின் தெரியாதவன் எப்படி அதிகாரியா இருக்க முடியும்ங்கறது அவரோட கேள்வி. பழைய அட்மிரல்களுக்கு ரத்தம் கொதிச்சுது. எங்க பசங்க கரி அள்ளறவன்கூட உக்காரணுமா?

இதுல ஒரு ஓட்டை இருந்துச்சு. ஆஸ்போர்ன் பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் வருஷத்துக்கு 75 பவுண்டு. பட்டறையில வேலை கத்துக்கிட்டு இன்ஜினியர் ஆன ஏழை வீட்டுப் பையனுக்கு இருந்த ஒரே கதவையும், சமத்துவம்ங்கற பேருல சாத்தின மாதிரி ஆயிடுச்சு. எஜுகேஷன் லோன் போட்டு செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல பி.இ. முடிச்சவன் நான், எனக்கு இது ரெண்டு தடவை படிக்காமலே புரிஞ்சுது. ஃபீஸை அரசாங்கமே கட்டணும்னு ஃபிஷர் எழுதி எழுதிப் பார்த்தாரு. ஒண்ணும் நடக்கல.

நான் இதையெல்லாம் இப்போ எழுதறதுக்குக் காரணம், என் டேபிள்ல இருக்கற ஒரு எக்ஸெல் ஷீட். எங்க ப்ளான்ட்ல புது ப்ரொடக்‌ஷன் சாஃப்ட்வேர் வருது. யாருக்கு என்ன உரிமைன்னு எழுதற ரோல் மேட்ரிக்ஸ் என் தலையில. யார் பிரேக்டவுன் பதிவு பண்ணலாம், யார் லைனை நிறுத்தலாம், யார் சரியாயிடுச்சுன்னு மூடலாம். லைனை நிறுத்தற விளக்குக்கு ஆண்டான்னு பேரு. ஜப்பான் வார்த்தை. தமிழ்ல படிச்சா நல்லாத்தான் பொருந்துது.

பழைய சிஸ்டத்துல கான்ட்ராக்ட் டெக்னீஷியனுக்கு லாகின் கிடையாது. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நைட் ஷிஃப்ட்ல மூணாவது ஸ்டேஷன்ல பிரஸ்ல சத்தம் மாறுதுன்னு அங்க இருக்கற அண்ணன் ஒருத்தர் கண்டுபிடிச்சாரு. எட்டு வருஷமா அதே மெஷின், ஆரஞ்சுக் கயிறு. அவரால பதிவு பண்ண முடியாது. நீலக் கயிறுக்கு ஃபோன் போட்டு, அவர் எடுத்து, வந்து, நம்பி, லாகின் பண்றதுக்குள்ள நாப்பது நிமிஷம். எங்களுக்கு 58 செகண்டுக்கு ஒரு பீஸ். கணக்கு நீங்களே போட்டுக்கங்க. நல்லவேளை, போனது பீஸ்தான். யாரோட கையும் போகல. மறுநாள் ரிப்போர்ட்ல கண்டுபிடிச்சவர்னு நீலக் கயிறு பேரு இருந்துச்சு.

மறுபடி 1914. நூறு வருஷமா தோல்வியே பார்க்காத மாதிரி திமிரா இருந்த படையை நவம்பர் 1ஆம் தேதி சிலி பக்கம் ஸ்பீ அடிச்சு நொறுக்கிட்டாரு. ஓய்வுல இருந்த ஃபிஷர் திரும்பப் பதவிக்கு வந்து ரெண்டே நாள் ஆகியிருந்துச்சு. இன்வின்சிபிள், இன்ஃப்ளெக்சிபிள்னு (இது பேரு மட்டும் பழசு, கப்பல் புதுசு) ரெண்டு வேகமான கப்பலை அனுப்பச் சொன்னாரு. டெவன்போர்ட் தளத்துலேர்ந்து பதில் வருது: இன்வின்சிபிள்ல பாய்லர் பக்கம் செங்கல் கட்டு வேலை பாக்கி, வெள்ளிக்கிழமை 13ஆம் தேதி ராத்திரி ஆகும். லண்டன் உத்தரவு என்ன தெரியுமா? புதன்கிழமை கெளம்பணும், வேலை முடியலன்னா கொத்தனார்களையும் கப்பல்லயே ஏத்திட்டுப் போ! அப்படியே ஏத்திட்டுத்தான் போனாங்க. டிசம்பர் 7 ஃபாக்லாந்து போய்ச் சேர்ந்தாங்க. மறுநாள் காலைல ஸ்பீ தானா வந்து நின்னாரு. அஞ்சு கப்பல்ல நாலு காலி. ரெண்டு பசங்களோட ஸ்பீயும் போயிட்டாரு. ஒரு நாள் லேட்டாயிருந்தா கதையே வேற.

வீட்டுக்குச் சாயங்காலம் வரேன்னு சொல்லிட்டுக் கரணையோட வேலைக்குப் போனவன் தென் அட்லாண்டிக்ல நிக்கறான். அவனை யாராவது கேட்டிருப்பாங்களா? 'கோ–லைவ் முடியற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது'ன்னு மெயில் வர்றப்பல்லாம் எனக்கு அந்தக் கொத்தனார் ஞாபகம்தான்.

வேகமே கவசம்னு நம்பினாரு ஃபிஷர். இன்வின்சிபிளுக்குக் கவசத் தகட்டைக் குறைச்சு வேகத்தைக் கூட்டினது அதனாலதான். 1916 மே 31, ஜட்லாண்ட் சண்டையில நடுக் கூண்டுல ஒரு குண்டு விழுந்து மருந்து அறை வெடிச்சு, கப்பல் ரெண்டாப் பொளந்துச்சு. செத்தவங்க 1,026. பிழைச்சவங்க 6, பெரும்பாலும் உச்சிக் கூண்டுல இருந்தவங்க. அப்போ ஃபிஷர் பதவியில இல்ல. டார்டனெல்ஸ் விவகாரத்துல சர்ச்சிலோட முட்டிக்கிட்டு 1915 மே 15ல ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டாரு. அந்தச் சண்டையைப் பத்தித் தனியா எழுதலாம், இங்க வேணாம். 1920 ஜூலை 10ல செத்துப் போனாரு.

அந்த ஊதாத் துணி என்னாச்சுன்னு கேப்பீங்க. 1915ல இன்ஜினியர்களுக்கும் வளையம் கிடைச்சுது, ஊதா போகல. 1925ல, ஃபிஷர் போய் அஞ்சு வருஷத்துல, ஒரே உத்தரவுல அவங்களைத் திரும்பத் தனிப் பிரிவா ஒதுக்கிட்டாங்க. பெரிய துரோகம்னு இன்ஜினியருங்க அதுக்குப் பேரே வெச்சாங்க. எல்லாரையும் திரும்ப ஒரே பட்டியல்ல கொண்டு வர 1956 ஆச்சு.

என் ஷீட்டுக்கு வர திங்கக்கிழமை மீட்டிங். கான்ட்ராக்ட் டெக்னீஷியன்ங்கற வரியில 'பதிவு பண்ணலாம்', 'லைனை நிறுத்தலாம்' ரெண்டுக்கும் டிக் போட்டு வெச்சிருக்கேன். கண்டுபிடிச்சவர் பேரு தானா ரிப்போர்ட்ல போற மாதிரி ஒரு காலமும் சேர்த்திருக்கேன். எடுன்னு சொல்லுவாங்க, தெரியும். எடுக்கறேன், ஏன் எடுக்கணும்ங்கற காரணத்தை மெயில்ல எழுதிக் குடுங்கன்னு கேக்கப் போறேன்.